வாக்கு இல்லாதவள் அனுப்பிய யோசனை

2009 ஜனவரி நடுவில் ஓர் இரவு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னும் பதவியேற்காத ஓர் அரசுக்கு யோசனை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நாட்டில் எனக்கு வாக்குரிமை கிடையாது. வேலை பார்க்கும் உரிமையும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவருக்குத் தரும் எச்-1பி விசாவில் கணவர் இருந்தார்; அவரைச் சார்ந்து, துணைவருக்கான எச்-4 விசாவில் போனவள் நான். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் நான்கு ஆண்டுகள் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுப் போன எனக்கு, அங்கே சமூகப் பாதுகாப்பு எண்கூடத் தரமாட்டார்கள். ஓட்டுநர் உரிமம் வாங்குவதற்காக, அந்த எண்ணைப் பெற எனக்குத் தகுதி இல்லை என்று எழுதிய ஒரு கடிதத்தை வாங்கி, பாஸ்போர்ட் வைத்திருந்த உறையிலேயே மடித்து வைத்திருந்தேன். யோசனை எழுத உட்கார்ந்தபோது அந்தக் கடிதமும் மேசைமேல்தான் இருந்தது.

புதிதாக ஆட்சிக்கு வரப்போகும் அரசு, பதவியேற்பதற்கு முன்பே மக்களிடம் யோசனை கேட்பது பற்றி நம் ஊரிலும் இப்போது அடிக்கடி பேச்சு வருகிறது. எங்கே கேட்கிறார்கள், எந்தச் செயலியில் கேட்கிறார்கள் என்பதைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். கேட்ட பிறகு அந்த யோசனைக்கு என்ன நடக்கிறது என்பதைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக, எனக்கு மிகவும் வேண்டியிருந்த ஒரு விஷயத்தின் வழியாகக் கவனித்து வந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2008 நவம்பர் 4ஆம் தேதி பராக் ஒபாமா வென்றார். பதவியேற்பு 2009 ஜனவரி 20. இடையில் 77 நாள்கள். அமெரிக்காவில் இந்த இடைவெளிக்கென்றே 1963இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் உண்டு; வரப்போகும் குடியரசுத் தலைவரின் குழுவுக்கு அலுவலகமும் பணமும் அரசே தருகிறது. ஒபாமாவின் குழு, தேர்தல் முடிந்த ஓரிரு நாள்களிலேயே சேஞ்ச்.கவ் என்ற இணையதளத்தைத் திறந்தது. குழுவின் தலைவர்களில் ஒருவரான ஜான் பொடெஸ்டா, வெளி அமைப்புகள் தங்கள் குழுவைச் சந்தித்துக் கொடுக்கும் ஆவணங்களை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட வேண்டும் என்று டிசம்பரில் உத்தரவிட்டார். டிசம்பரிலேயே கேள்வி கேட்பதற்கு ஒரு பகுதி வந்தது. ஜனவரியில் யோசனை சொல்வதற்கு ஒரு பகுதி வந்தது. யார் வேண்டுமானாலும் யோசனை எழுதலாம், மற்றவர்கள் அதற்கு வாக்களிக்கலாம், அதிக வாக்குப் பெற்றவற்றைத் தொகுத்துக் குடிமக்களின் குறிப்பேடாகக் குடியரசுத் தலைவரிடம் தருவோம் என்று அறிவித்தார்கள். எழுதுகிறவர் குடிமகனா, என்ன விசாவில் இருக்கிறார் என்று அந்தப் பக்கம் கேட்கவில்லை. மின்னஞ்சல் முகவரி மட்டும் போதும்.

எனக்கு அரசுக்கு எழுதத் தெரிந்த ஒரே வடிவம் மனுதான். அப்பா பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் மனு எழுதிக் கொடுப்பார். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், தெருவிளக்கு என்று எதுவானாலும் இடது ஓரத்தில் அனுப்புநர், அதன் கீழே பெறுநர், பிறகு ஐயா, பொருள், பார்வை, கடைசியில் பணிவன்புடன் என்று முடிப்பார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போய்வந்ததும் ஒப்புகைச் சீட்டைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் குத்தி வைப்பார். அந்த இரவு நான் எழுதிய முதல் வரைவும் அப்படியே வந்தது. என் படிப்பு, என் அனுபவம், நான் படும் பாடு, ஆகவே எனக்கு வேலை அனுமதி தர வேண்டுகிறேன் என்று முடிந்திருந்தது. வாசித்துப் பார்த்தபோது, இது ஒருத்திக்குச் சலுகை கேட்பதாக இருக்கிறதே தவிர, யோசனையாக இல்லை என்று பட்டது. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இரண்டாவது வரைவில் என்னைப் பற்றி இரண்டு வாக்கியங்களே இருந்தன. மீதி எல்லாம் விதியைப் பற்றியது.

விதி இதுதான். எச்-1பி விசாவில் இருப்பவருக்காக நிறுவனம் பச்சை அட்டைக்கு, அதாவது நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்கு, விண்ணப்பிக்கும்போது முதலில் தொழிலாளர் துறையின் சான்று, அங்குள்ள நம்மவர்கள் சுருக்கமாக 'லேபர்' என்பது, வர வேண்டும். அதன்பின் அவருக்காக நிறுவனம் போடும் ஐ-140 என்ற குடியேற்ற மனு ஏற்கப்பட வேண்டும். அதற்கும் பின் விசா எண் கிடைக்கும்வரை வரிசையில் நிற்க வேண்டும். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்ற வரம்பினால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டுவிட்டது. நான் யோசனை எழுதிய மாதத்தில், வேலைவழிப் பச்சை அட்டையின் மூன்றாம் பிரிவில் இந்தியர்களின் வரிசை 2001இன் பிற்பகுதியில் விண்ணப்பித்தவர்களிடமே நின்றிருந்தது. 2007 கோடையில் ஒரு முறை எல்லாருக்கும் வரிசை திறந்தது. ஜூலை தொடக்கத்தில் திடீரென்று மூடினார்கள். காத்திருந்தவர்கள் குடியேற்றத் துறையின் இயக்குநருக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்துகளை அனுப்பி அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதன்பின் ஆகஸ்ட் 17 வரை மறுபடி திறந்தார்கள். அந்தச் சில வாரங்களில் விண்ணப்பம் போட முடிந்த குடும்பங்களில் மனைவிக்கும் வேலை அனுமதி வந்துவிட்டது. எங்களுக்கு அப்போது லேபரே வரவில்லை. எங்கள் மாடிப்படியின் எதிர்வீட்டில் இருந்த பெண் அந்த இலையுதிர் காலத்தில் வேலைக்குப் போனார். அதே படிப்பும் அதே விசாவும் கொண்ட நான் சன்னல் வழியாக அவரது கார் கிளம்புவதைப் பார்த்தேன். ஆகவே நான் எழுதிய யோசனை சிறியது. ஐ-140 ஏற்கப்பட்டு, வரிசைக்காக மட்டுமே காத்திருக்கும் குடும்பங்களில் எச்-4 விசாவில் இருக்கும் துணைவருக்கு வேலை அனுமதி தரலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, துறையின் விதியைத் திருத்தினால் போதும் என்று நான் நம்புகிறேன் என்று எழுதினேன்.

அனுப்பினேன். என் கணவர் ஒரு வாக்கு, கல்லூரித் தோழிகள் சிலர், தமிழ்ச் சங்கத்தின் மின்னஞ்சல் குழுவில் சொன்னதால் வந்தவை என்று சில பத்து வாக்குகள் சேர்ந்தன. அந்தப் பகுதிக்கு மொத்தம் 44,000க்கும் மேற்பட்ட யோசனைகளும் சுமார் 14 லட்சம் வாக்குகளும் வந்தன என்று பின்னால் அறிவித்தார்கள். அந்தக் கடலில் என் யோசனை முதல் நூறு பக்கங்களிலும் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. ஆனால் வாக்கின் எண்ணிக்கையை வைத்து யோசனைகளை வரிசைப்படுத்தும் முறையை அங்கே அருகில் இருந்து பார்த்தேன். முதல் நாளில் மேலே ஏறிய யோசனை மேலேயே இருப்பதால் அதற்கே மேலும் வாக்கு விழுகிறது. ஒரே யோசனையைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதினால் வாக்குகள் பத்தாகச் சிதறுகின்றன. என் யோசனையைப் போன்றே மூன்று யோசனைகளை நானே பிறகு கண்டுபிடித்தேன். ஏற்கெனவே அமைப்பாகத் திரண்டிருப்பவர்களின் கோரிக்கைதான் உச்சிக்குப் போகும். அது அவர்கள் தவறும் ஆகாது. 2009 மே மாதத்தில் வெளிவந்த குறிப்பேட்டில் முதலிடம் பெற்றது கஞ்சாத் தடையை நீக்க வேண்டும் என்ற யோசனை.

அந்த யோசனையை நான் ஆதரித்தவள் இல்லை. ஆயினும் அதற்குக் கிடைத்த பதிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அதே விஷயம் டிசம்பரில் நடந்த கேள்விச் சுற்றிலும் முதலிடத்துக்கு வந்திருந்தது. அந்தச் சுற்றில் ஏறத்தாழ 10,000 கேள்விகள்; பத்து லட்சத்தை நெருங்கிய வாக்குகள். அத்தனை பேர் முன்னுக்குத் தள்ளிய கேள்விக்கு வந்த பதில் ஒரே வாக்கியம்: புதிய குடியரசுத் தலைவர் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதை ஆதரிக்கவில்லை. ஏன் என்று இல்லை. 2009 மார்ச் 26ஆம் தேதி வெள்ளை மாளிகையில் நடந்த இணையவழிக் கூட்டத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் வந்தபோதும் அதுவே முன்னுக்கு வந்தது. இணையத்தில் இருப்பவர்களைப் பற்றி இது என்ன சொல்கிறதோ தெரியவில்லை என்று ஒபாமா சிரித்துக்கொண்டே சொல்ல, அவையும் சிரித்தது. நானும் அந்த நிகழ்ச்சியை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மறுப்பதற்கு அரசுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் நீங்களே திறந்த கதவு வழியாக, நீங்களே வகுத்த வாக்குமுறைப்படி முன்னால் வந்து நிற்கிறவனிடம் காரணம் சொல்லாமல் மறுத்தால், அவன் மறுபடியும் அதே கதவுக்குத்தான் வருவான். அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு இடம் கிடைக்காது.

கேள்விகளின் அடுத்த சுற்றில், முந்தைய ஆட்சியின் சித்திரவதைப் புகார்களையும் ஒட்டுக்கேட்பையும் விசாரிக்கச் சிறப்பு வழக்கறிஞரை நியமிப்பீர்களா என்ற கேள்வி முதலிடத்தில் இருந்தது. அந்தக் கேள்விக்கு விரிவான பதில் கிடைத்தது ஜனவரி 11 அன்று ஒளிபரப்பான தொலைக்காட்சிப் பேட்டியில். ஏபிசியின் ஜார்ஜ் ஸ்டெஃபனோபுலோஸ் அந்தக் கேள்வியை எடுத்துக் கேட்டபோது, பின்னோக்கிப் பார்ப்பதைவிட முன்னோக்கிப் பார்க்க வேண்டும் என்பதே தம் நம்பிக்கை என்று ஒபாமா சொன்னார். அந்தப் பதிலில் பலருக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அது ஒரு நிலைப்பாடு. அதை எதிர்த்து வாதாட முடிந்தது, பலரும் வாதாடினார்கள்.

அந்த 77 நாள்களில் எனக்கு மனநிறைவைத் தந்தது வேறொன்று. மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றி அக்கம்பக்கத்தவரைக் கூட்டிப் பேசி, பேசியதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள் என்று டிசம்பரில் ஒபாமாவின் குழு கேட்டுக்கொண்டது. 9,000க்கும் மேற்பட்டோர் கூட்டம் நடத்தப் பெயர் கொடுத்தார்கள். சுகாதாரத் துறையின் அடுத்த அமைச்சராக அறிவிக்கப்பட்டிருந்த டாம் டாஷ்லே, இந்தியானா மாநிலத்தில் டப்ளின் என்ற சிற்றூரின் தீயணைப்பு நிலையத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் தாமே போய் உட்கார்ந்தார். எங்கள் ஊரில் டிசம்பர் 27, சனிக்கிழமை, ஒரு நூலகத்தின் சிறிய அறையில் பதினான்கு பேர் கூடினோம். கூட்டத்தை நடத்திய அம்மையார் ஓய்வுபெற்ற செவிலியர். கைகள் நடுங்கும் என்பதால் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்றார். வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவள் நான் மட்டுமே என்று தெரிந்ததும் மடிக்கணினி என் முன்னால் வந்தது. நான் இந்த நாட்டுக் குடிமகள் இல்லையே என்று சொன்னேன். உனக்குக் காது கேட்கும் அல்லவா, அது போதும் என்றார் அவர்.

அந்த அறையில் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் பேசினார். மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் வந்து குணமாகியிருக்கிறது. அவர் வேலை மாறியபோது, முன்பே இருந்த நோய் என்று சொல்லி ஒரு காப்பீட்டு நிறுவனம் மனைவியைச் சேர்க்க மறுத்துவிட்டது. அவர் கோபப்படவே இல்லை. எந்த மாதம் விண்ணப்பித்தார், என்ன பதில் வந்தது, அதன்பின் ஒவ்வொரு பரிசோதனைக்கும் எவ்வளவு கட்டினார் என்று சட்டைப்பையில் இருந்த சிறு குறிப்பேட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். நான் அப்படியே தட்டச்சு செய்தேன். பெரிய கொள்கை பேசிய மூன்று பேரின் பேச்சைச் சுருக்கினேன். அவர் பேச்சை மட்டும் சுருக்க மனம் வரவில்லை. செவிலியர் அம்மையார் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டு, இதில் ஒரு சொல்லும் குறைக்காதே என்றார். படிவத்தில் இவ்வளவுதான் எழுதலாம் என்று எல்லை இருந்ததால், மற்றவர்கள் பேசியதிலிருந்து இன்னும் கொஞ்சம் வெட்டினோம். என் பேச்சையும் வெட்டினோம்.

அந்த மாதிரி வந்த 3,276 குழு அறிக்கைகளையும், கலந்துகொண்ட 30,000க்கும் மேற்பட்டவர்கள் நிரப்பிய படிவங்களையும் வாசித்துத் தொகுத்து, 2009 மார்ச்சில் சுகாதாரத் துறை ஓர் அறிக்கையாக வெளியிட்டது. டாஷ்லே வரிப் பிரச்சினையினால் பிப்ரவரி 3ஆம் தேதியே விலகிவிட்டார், ஆனாலும் அறிக்கை வேலை நிற்கவில்லை. 2010 மார்ச் 23இல் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் கையெழுத்தானது. முன்பே இருந்த நோயைக் காரணம் காட்டிப் பெரியவர்களுக்குக் காப்பீடு மறுப்பதற்கான தடை 2014 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் நூலக அறையினால்தான் அது நடந்தது என்று சொல்லமாட்டேன். பல்லாண்டுப் போராட்டத்தின் பலன் அது. நான் சொல்ல வருவது வேறு. வாக்குப் பொத்தானை அழுத்தும் இடத்தில் அந்த ஓட்டுநரின் குறிப்பேட்டுக்கு எந்த இடமும் இருந்திருக்காது. கேள்வி குறிப்பாக இருந்தது, கேட்பதற்கு ஆள் உட்கார்ந்திருந்தார், எழுதி அனுப்பியதை இன்னொருவர் வாசித்தார். அவர் பட்ட அனுபவம் அரசாங்கக் காகிதம்வரை போனது இதனால்தான்.

ஒபாமா அரசு பின்னர் 2011இல் வீ த பீப்பிள் என்ற இணையமனுத் தளத்தைத் தொடங்கியது. இத்தனை கையெழுத்து சேர்ந்தால் பதில் தருவோம் என்று அதில் ஒரு வாக்குறுதி இருந்தது. எண்ணிக்கை 5,000த்தில் தொடங்கி 25,000 ஆகி, 2013இல் ஒரு லட்சமானது. அதில் எனக்கு நன்றாக நினைவிருப்பது செல்பேசிப் பூட்டு விவகாரம். ஊருக்கு வரும்போது தம்பிக்கென்று ஒரு செல்பேசி வாங்கி வந்து, இங்கே உள்ளூர் சிம் போட்டால் வேலை செய்யாமல், பாளையங்கோட்டை கடையில் பூட்டைத் திறக்க ஆள் தேடிய அனுபவம் எங்கள் தலைமுறையில் பலருக்கும் உண்டு. 2013 ஜனவரி 26 முதல், சேவை நிறுவனத்தின் அனுமதியில்லாமல் புதிய செல்பேசியின் பூட்டைத் திறப்பது அமெரிக்காவில் சட்டவிரோதமானது. எதிர்த்து 1,14,000 பேர் கையெழுத்திட்டார்கள். மார்ச் தொடக்கத்திலேயே வெள்ளை மாளிகை, உங்களோடு உடன்படுகிறோம் என்று காரணங்களோடும் அடுத்த படிகளோடும் பதில் எழுதியது; 2014 ஆகஸ்ட் 1இல் அது சட்டமாகவே கையெழுத்தானது. இதற்கு நேர்மாறாக, பிரிட்டனில் 2010இல் பதவிக்கு வந்த கூட்டணி அரசு தன் ஆட்சித் திட்டத்தை இணையத்தில் வைத்துக் கருத்துக் கேட்டு, ஏறத்தாழ 9,500 கருத்துகளைப் பெற்று, ஒரு கொள்கையைக்கூட மாற்றாமல் துறைவாரியாகப் பதிலை வெளியிட்டது. அந்தப் பதில்களில் பெரும்பாலானவை, இந்தக் கருத்துகள் எங்கள் திட்டம் சரி என்பதையே காட்டுகின்றன என்ற தொனியில் இருந்தன. முன்பே முடிவெடுத்துவிட்டுக் கேட்பவர்கள் எழுதும் பதில் அப்படித்தான் இருக்கும்.

என் யோசனைக்கு வருகிறேன். சேஞ்ச்.கவ் பதவியேற்போடு தன் வேலையை முடித்துக்கொண்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2014 மே மாதத்தில், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு வரைவு விதியை வெளியிட்டது. ஐ-140 ஏற்கப்பட்டவர்கள் அல்லது அந்த வரிசையினால் ஆறாண்டுக்கு மேல் எச்-1பி நீட்டிப்புப் பெற்றவர்கள், இவர்களின் துணைவருக்கு வேலை அனுமதி தரலாம் என்பதே வரைவு. நான் எழுதியதை அவர்கள் பார்த்தார்கள் என்று நான் கருதவில்லை. பல அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது அது. ஆனால் இந்த முறை கருத்துக் கேட்ட விதம் வேறாக இருந்தது. அமெரிக்காவில் 1946இல் இயற்றப்பட்ட நிர்வாக நடைமுறைச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு துறை விதி கொண்டுவர வேண்டுமானால் வரைவை வெளியிட வேண்டும், கருத்துக் கேட்க வேண்டும், வந்த முக்கியமான கருத்துகளைப் பரிசீலித்து இறுதி விதியோடு காரணங்களையும் வெளியிட வேண்டும். பரிசீலிக்கவில்லை என்று நிரூபணமானால் நீதிமன்றம் விதியையே தள்ளுபடி செய்யலாம். அங்கே வாக்குப் பொத்தான் இல்லை. பதிவிடும் தளத்தின் தோற்றமும் வறண்டதாக இருக்கும்.

நான் இரண்டு பக்கம் எழுதினேன். நூலக அறையில் கற்றதை மறக்கவில்லை. எந்த ஆண்டு வந்தேன், எந்த மாதம் ஐ-140 ஏற்கப்பட்டது, அதற்குப் பின் எத்தனை மாதம் என் தொழிலைச் செய்யாமல் இருந்தேன், அந்த இடைவெளியை நேர்முகத் தேர்வில் சொல்ல நேர்ந்தால் என்ன கேட்பார்கள் என்பதை மட்டும் எழுதினேன். இரண்டு கோரிக்கைகள் வைத்தேன். ஒன்று, வரைவை அப்படியே விதியாக்குங்கள். இரண்டு, எச்-4 விசாவில் இருக்கும் எல்லாத் துணைவருக்கும் முதல் நாளிலிருந்தே அனுமதி கொடுங்கள். இரண்டாவதை எனக்காக எழுதவில்லை. திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்து எங்கள் கீழ்வீட்டில் இருந்த ஒரு பெண்ணுக்காக எழுதினேன். அவள் வீட்டுக்காரருக்கு நிறுவனம் பச்சை அட்டை வேலையைத் தொடங்கவே இல்லை.

ஏறத்தாழ 13,000 கருத்துகள் வந்தன. 2015 பிப்ரவரியில் இறுதி விதி வெளியானது. மே 26 முதல் நடைமுறை. அந்த ஆவணத்தை நான் முழுக்க வாசித்தேன், இரண்டு இரவுகள் ஆயிற்று. கருத்துகளைப் பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் இப்படிச் சிலர் சொன்னார்கள், எங்கள் பதில் இது என்று எழுதியிருந்தார்கள். ஆதரித்தவர்களுக்கு மட்டுமல்லாமல், உள்நாட்டுத் தொழிலாளர்களின் வேலை போகும் என்று எதிர்த்தவர்களுக்கும் அதே பொறுமையோடு பதில் இருந்தது. என் முதல் கோரிக்கையை ஏற்றிருந்தார்கள். இரண்டாவதை மறுத்திருந்தார்கள், நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்கான வழியில் ஏற்கெனவே குறிப்பிட்ட தூரம் வந்துவிட்ட குடும்பங்கள் மனம் சோர்ந்து வெளியேறாமல் இருக்கச் செய்வதே இந்த விதியின் நோக்கம், ஆகவே எல்லாருக்கும் விரிக்கவில்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள். காரணங்களோடு எழுதப்பட்டதால் அந்த விதி பின்னால் வந்த புயல்களையும் தாங்கியது என்று நினைக்கிறேன். 2015லேயே எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அடுத்து வந்த ஆட்சி விதியை நீக்கப் போவதாக 2017இல் அறிவித்தது. அந்த முன்மொழிவு 2021 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. எனக்கு வேலை அனுமதி அட்டை 2015 செப்டம்பரில் தபாலில் வந்தது. எண் பெறத் தகுதி இல்லை என்ற பழைய கடிதத்தை அன்றுதான் உறையிலிருந்து எடுத்தேன்.

அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக ஊர் திரும்பிவிட்ட பின், இங்கே நடப்பதையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். நமக்கு 77 நாள்கள் கிடையாது. 2021இல் மே 2ஆம் தேதி வாக்கு எண்ணினார்கள், 7ஆம் தேதி பதவியேற்பு. ஆகவே நம் ஊரில் யோசனை கேட்பது தேர்தலுக்கு முன்பே, கட்சிகளின் தேர்தல் அறிக்கைக் குழுக்களின் வழியாக நடக்கிறது. 2021 ஜனவரி இறுதியில் மு.க.ஸ்டாலின் தொடங்கிய 'உங்கள் தொகுதியில் ஸ்டாலின்' பயணத்தில் மனுக்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, ஆட்சிக்கு வந்த 100 நாளில் தீர்ப்போம் என்றார்கள். வந்ததும் அதற்கென ஒரு துறையையே அமைத்து, பிறகு அதை முதல்வரின் முகவரி என்ற துறையோடு சேர்த்தார்கள். அப்பா அந்தப் பெட்டியின் செய்தியைப் படித்துவிட்டு, ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்களா என்றுதான் முதலில் கேட்டார். கொடுத்தார்கள் என்று அறிந்ததும் சரி என்றார்.

மனுவுக்கு நம்மிடம் பழகிய வழி இருக்கிறது. குறைகள் இருந்தாலும் எண் உண்டு, நிலை உண்டு, யாரிடம் போயிருக்கிறது என்று கேட்க முடியும். யோசனைக்கு அது இல்லை. என் தெருவிளக்கு எரியவில்லை என்பது மனு. தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இன்ன விதி சேர்க்க வேண்டும் என்பது யோசனை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால், முதலாவதைச் சரிசெய்துவிட்டு இரண்டாவதற்கும் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வரும். ஒன்றிய அரசு 2014 பிப்ரவரியில் வகுத்த சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கை, சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள்கள் மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. அதே ஆண்டு ஜூலையில், மக்களிடம் கருத்துக் கேட்பதற்கான மைகவ் தளமும் வந்தது. ஆனால் அந்தக் கொள்கைக்குச் சட்ட வலிமை கிடையாது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கடலோரத்தில் இருக்கிற ஒருவர் தன் கரையைப் பற்றிய விதியைத் தன் மொழியில் வாசிக்கவே நீதிமன்றம் போக வேண்டுமென்றால், அவரிடம் என்ன யோசனையை எதிர்பார்க்க முடியும்?

எனக்கு ஒரு கோரிக்கைதான். எந்தக் கட்சி வந்தாலும், மக்களிடம் யோசனை கேட்டால், ஆறு மாதத்துக்குள் ஒரு தொகுப்பைத் தமிழில் வெளியிடட்டும். இன்ன யோசனைகள் வந்தன, இவற்றை ஏற்றோம், இவற்றை ஏற்கவில்லை, ஏற்காததற்குக் காரணம் நிதி, அல்லது அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது, அல்லது எங்களுக்கு உடன்பாடு இல்லை என்று எழுதட்டும். ஆயிரம் பேர் கேட்டதற்கு ஒரு பத்தி போதும். ஒருவர் மட்டுமே கேட்டு, அது நல்ல கேள்வியாக இருந்தால், அதற்கும் ஒரு பத்தி தரலாம்.

கீழ்வீட்டுப் பெண்ணை 2015 பிப்ரவரியில் எங்கள் சமையலறைக்குக் கூப்பிட்டு, அவளுக்காக நான் கேட்டதை மறுத்திருந்த அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, அந்தத் தாளை வாங்கி இன்னொரு முறை தானே வாசித்தாள். பிறகு, "குறிப்பிட்ட தூரம் வந்தவங்களுக்குத்தான்னு போட்டிருக்காங்களே அக்கா, அப்போ லேபர் போட்டாலே அந்தத் தூரம் தொடங்கிட்டதாத்தானே அர்த்தம்? அடுத்த தடவை கருத்துக் கேக்கும்போது அதை வெச்சு எழுதலாம்ல?" என்று கேட்டாள். அன்றிரவே அவள் வீட்டுக்காரர் நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை இருவரும் உட்கார்ந்து எழுதினோம்.